'விடு' என்றாள் யோகேஸ்வரி

யோகேஸ்வரிக்குத் தொண்டை பெரிது. குறையாகச் சொல்லவில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கூடத்தில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துத் தறி. அந்த இரைச்சலுக்குள் ஒரு நாள் வந்து நின்று பாருங்கள், நீங்கள் பேசுவது உங்களுக்கே கேட்காது. அதில் கடைசி வரிசையில் நூல் அறுந்தால் இவள் இங்கிருந்தே "நூலு!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள், அங்கே தறி நிற்கும். தறிக்காரிகள் எல்லாருமே ஒற்றைச் சொல்லில்தான் பேசுவோம். "நூலு", "தண்ணி", "ஓனரு", அவ்வளவுதான். நீட்டி முழக்கினால் பாதிப் பேச்சு தறிக்குள் போய்விடும். வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம். "உனக்கு முழுசாப் பேச வராதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். முழுசாகப் பேச எவளுக்கு நேரம் இருக்கிறது?

அவள் கேட்டுக்கொண்டதால் எல்லாருடைய பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். கிருபாபாய் என்கிற என் பெயர் மட்டும் நிஜம். எனக்கு யாருக்கும் பயம் இல்லை.

அவள் பிறந்தது ராஜபாளையம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி ராம்கியை அவள்தான் வளர்த்தாள். தறியில் நின்றே அவனை ஐடிஐ படிக்க வைத்தாள். பிறகு மம்சாபுரத்து விக்னேஷ்வரனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். என்னை மதினி என்று கூப்பிடுவாள். விக்னேஷ்வரன் மில்லுக்குப் பஞ்சு லாரி ஓட்டினார், ராம்கிக்கு அதே மில்லில் மெக்கானிக் வேலை. "மச்சான்", "மாப்ள" என்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். இவள் பக்கத்தில் நின்று பார்த்துப் பூரித்துப்போவாள். எனக்குச் சில நேரம் எரிச்சலாகக்கூட வரும், இப்படியும் ஒரு பூரிப்பா என்று.

அந்த மில் முதலாளிக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். பழைய கார் இரண்டை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, கோயம்புத்தூர்ப் பக்கத்து டிராக்குக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். ஒன்றை ஓட்டுவது விக்னேஷ்வரன், இன்னொன்றை ஓட்டுவது ராம்கி. பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுகிற பந்தயத்தில் எங்கள் ஊர் லாரி டிரைவரும் மெக்கானிக்கும் முன்னால் வந்தால் எங்களுக்குத் தலைகால் புரியுமா? மம்சாபுரத்தில் பேனர் வைத்தார்கள். ராஜபாளையத்தில் அதைவிடப் பெரிதாக வைத்தார்கள்.

இவள் முதலில் புளியோதரை கட்டிக்கொண்டுதான் கூடப் போனாள். அங்கே டிராக் ஓரத்தில் ஒருத்தன் வாக்கிடாக்கியை வைத்துக்கொண்டு இரண்டு பேரிடமும் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தானாம். எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கேயோ ஒரு கார் தடம் புரண்டு மஞ்சள் கொடி காட்டினார்கள். இவள் அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி "மஞ்சக்கொடி!" என்று ஒரு சத்தம் போட்டாள். இரண்டு வண்டியும் அந்த நிமிஷமே வேகம் குறைந்தது. முதலாளி கைதட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து வாக்கிடாக்கி இவள் கைக்கு வந்தது. இரண்டு காருக்கும் ஒரே சேனல். இவள் சொல்கிற ஒற்றைச் சொல் புருஷன் காதிலும் தம்பி காதிலும் சேர்ந்தே விழும்.

அந்தப் பாழாய்ப் போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் விழுந்தது. முதல் இடத்தில் ஒரு பெங்களூர்ப் பையன். இரண்டாவது விக்னேஷ்வரன், அவர் முதுகிலேயே ராம்கி. ராம்கியின் வண்டிதான் அன்றைக்கு வேகம். மச்சான் வழி விட்டால் அவன் முதல் ஆளைப் பிடித்துவிடுவான் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. அவர் தெலுங்கு பேசுகிறவர். "ஏம்மா, விக்னேஷ வதிலெய்யச் சொல்லும்மா, ராம்கி போகட்டும்" என்றார். இவளுக்குத் தெலுங்கு விளங்கும், விட்டுவிடச் சொல்கிறார் என்று அர்த்தம். பொத்தானை அழுத்தி "விடு!" என்றாள். உடனே இன்னொரு தடவை "விடு!" என்றாள்.

அடுத்த வளைவில் ராம்கி உள்பக்கமாக நுழைந்தான். விக்னேஷ்வரன் வழி விடவில்லை, வண்டியை உள்ளே திருப்பினார். ராம்கியின் கார் மூக்கு அவர் பின்சக்கரத்தில் இடித்தது. அவர் வண்டி சுழன்று, கூரை தரையில் பட உருண்டு, டயர் அடுக்கின சுவரில் போய் மோதியது. ராம்கி ஓடிப்போய் மச்சானை வெளியே இழுக்கப் பார்த்தான். முதுகில் அடி பட்டவரைத் தொடக்கூடாது என்று அவனை நாலு பேர் பிடித்துக்கொண்டார்களாம். அவன் போட்ட கத்தலை யோகேஸ்வரி என்னிடம் சொல்லும்போதே காதைப் பொத்திக்கொண்டாள்.

விக்னேஷ்வரனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் "பார்க்கலாம்" என்றார்கள்.

யாரோ எடுத்த வீடியோ போனுக்குப் போன் தாவி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. வந்தது கேடு! பந்தயத்தில் ஒரு விதி இருக்கிறதாம். வளைவில் திரும்புவதற்கு முன்னால், பின்னே வருகிறவனின் முன்சக்கரம் முன்னே போகிறவனின் முன்கதவுக்கு நேராக வந்துவிட்டால் முன்னே போகிறவன் இடம் கொடுக்க வேண்டும். வராவிட்டால் பின்னே வருகிறவன்தான் பிரேக் பிடிக்க வேண்டும். அந்த வீடியோவில் ராம்கியின் சக்கரம் முன்கதவிலும் இல்லை, டிக்கியிலும் இல்லை, நடுவே பின்கதவில் நின்றது. போதாதா எங்கள் ஆட்களுக்கு? மம்சாபுரமும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரும் ராம்கி மேல்தான் தப்பு என்றன. ராஜபாளையம் முழுக்க விக்னேஷ்வரன் மேல்தான் தப்பு என்றது. எங்கள் தெரு முனை டீக்கடையில் ஆட்டோக்காரர் சங்கிலிப்பாண்டி இரண்டு பன்னை மேஜையில் வைத்து, "இந்தா, இது மச்சான், இது மாப்ள, இப்ப எவன்லே இடிச்சான்?" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ராஜபாளையத்துக்காரன் ஒருத்தன் மச்சான் பன்னை எடுத்துத் தின்றுவிட்டான் என்று அடிதடி ஆகிவிட்டது. சிரிக்காதீர்கள். அந்த இரண்டு பன்னுக்கும் சொந்தக்காரி அதே தெருவில் பைத்தியம் பிடித்தவளாக நடந்துகொண்டிருந்தாள்.

தறிக்கூடத்திலும் விடவில்லை. "ஏட்டி யோகேசு, நீயே பாத்திருப்பல்லா, யாரு மேல தப்பு?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். நான் ஒருத்தியிடம், "உன் புருஷனையும் உன் அண்ணனையும் நிறுத்தி வச்சு இதக் கேளுடி மொதல்ல" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

அவள் மாமியார் கருத்தம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராம்கி வந்து நின்றதும் எழுந்து, "எம்புள்ளையக் கொன்னுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருதலே? இனி எவ்வீட்டு வாசல மிதிச்சே, பாத்துக்க" என்றார். அவன் திரும்பிப் போனான். மறுநாளும் வந்தான், ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றான். விக்னேஷ்வரன் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் எங்கள் தெருக்கோடியில் வந்து நிற்பான். இவள் மாமியாருக்குத் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

விசாரணைக்குத் தேதி வந்தது. பந்தயத்து அதிகாரிகள் இரண்டு பேரில் யார் மேல் தப்பு என்று முடிவு சொல்வார்கள். ராம்கி மேல் என்றால் அவன் இனிமேல் ஓட்ட முடியாது. அதுகூடப் போகட்டும். அவன் இந்த வீட்டு வாசலை ஆயுசுக்கும் மிதிக்க முடியாது. விக்னேஷ்வரன் மேல் என்றால், எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிற மனுஷன் தலையில் அதையும் சேர்த்து இறக்க வேண்டும். "யாரு மேலயும் தப்பு இல்லன்னு ஒரு தீர்ப்பு உண்டாம் மதினி. அது வரணும். அது வரலன்னா நான் ரெண்டுல ஒண்ண இழந்துருவேன்" என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

அதற்குள் ராம்கி காணாமல் போனான். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு பகல் முழுக்க இவள் சாப்பிடவில்லை, உட்காரவில்லை, அழக்கூட இல்லை. சாயங்காலம் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் ஃபாரஸ்ட்காரர்கள் அவனைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. காட்டுக்குள்ளே தனியாகப் போய்க்கொண்டிருந்தானாம். ஆட்டோவில் நானும் போனேன். இவளைப் பார்த்ததும், "யக்கா, நான்தான் இடிச்சேன்னு சொல்லிருதேன்க்கா. அதோட முடிஞ்சு போகட்டும்" என்றான்.

"நீ ஏன்லே உள்ள போன?" என்று நான்தான் கேட்டேன். எனக்குக் கோபம்.

அவன் அக்காவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "சும்மா போனேன் மதினி" என்றான்.

அவன் பொய் சொல்கிறான் என்று யோகேஸ்வரிக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியிருக்கிறது. ஆட்டோவில் வரும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் விடுன்னேன் மதினி. மச்சான் வழி விடுவாருன்னு நம்பித்தான் அவன் போயிருக்கான். எம்பேரு அடிபடக் கூடாதுன்னு இம்புட்டு நாளும் அத முழுங்கிக்கிட்டுக் கெடக்கான்" என்றாள். அந்த முதலாளிக்கும் இது தெரியும். வழி விடச் சொன்னதே அவர்தானே! அவர் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார், அதோடு சரி.

விசாரணை கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் நடந்தது. அவளைத் தனியே விட மனசில்லாமல் நானும் போனேன். ஏசி அறை, நீளமான மேஜை, தண்ணீர் பாட்டில்கள். தலைவர் மீசை வைத்த வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. பக்கத்தில் சென்னை அம்மா ஒருவர், அவர்தான் மொழிபெயர்த்தார். ராம்கி எழுந்து நின்று, "எந்தப்புதான் சார். நான் பாக்காம நொழஞ்சுட்டேன்" என்றான். தலைவர் பேனாவை எடுத்தார்.

"இருங்க!" என்றாள் யோகேஸ்வரி. தறிக்கூடத்துச் சத்தம். மேஜையில் இருந்த ஆட்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

"அவன் பொய் சொல்லுதான். நான் ரேடியோல 'விடு'ன்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சொன்னேன், தம்பிக்கு வழி விடுங்கன்னு. ஆனா யாருக்குன்னு சொல்லல. ரெண்டு பேரு காதுலயும் விழுந்துருச்சு."

சென்னை அம்மா இங்கிலீஷில் என்னவோ சொன்னார், நடுவில் நிறுத்தி யோசித்தார். "விடுன்னா வழி விடறதும் ஆகும், வண்டிய விடு, ஓட்டுன்னும் ஆகுமே?" என்று இவளைக் கேட்டார்.

இவள் ராம்கியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அதில்தான் இரண்டு பேருக்கும் தப்பிக்க வழி இருந்தது. "ஆகும் மேடம். எங்க ஊர்ல வண்டிய எடுக்கச் சொல்லுததுக்கும் விடு, விடுன்னுதான் சொல்லுவோம். அவியளுக்கு ஓட்டச் சொல்லுததாப் பட்டிருக்கலாம். இவனுக்கு வழி கெடச்சதாப் பட்டிருக்கும். தப்பு எம்மேலதான்" என்றாள். ராம்கி "யக்கா, சும்மாரு" என்று அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டாள்.

விக்னேஷ்வரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அதுவரை "ஞாபகம் இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். "உங்க மனைவி 'விடு'ன்னு சொன்னதா சொல்றாங்க. நீங்க என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று சென்னை அம்மா கேட்டார். மறுபக்கத்தில் சத்தமே இல்லை, லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு குரல் வந்தது. "வண்டிய விடுன்னு சொல்லுதான்னு நெனச்சேன் மேடம். அதான் அமுத்துனேன்."

யோகேஸ்வரி முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு "ஐயோ, ஐயோ, எவ்வாயி, எம்பாழும் வாயி!" என்று அழுதாள். அந்த ஏசி அறையில் அப்படி ஒருத்தரும் அழுதிருக்க மாட்டார்கள். தீர்ப்பு அவள் கேட்டதுதான் வந்தது. ஓட்டினவர்கள் இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை, ரேடியோவில் வந்த குழப்பம்.

ஊர் அடங்கிவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? மம்சாபுரமும் ராஜபாளையமும் ஒரே நாளில் ராசியாகிவிட்டன. "பொம்பள கையில மைக்கக் குடுத்தா இப்படித்தான்" என்று டீக்கடையில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதுவரை பன் சண்டையில் சேராத வாயெல்லாம் பேசியது! கருத்தம்மா ராம்கியைத் தெருக்கோடிக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து, "எய்யா, ஒன்னையப் போயி ஏசிட்டனே" என்று அழுதார், காப்பி போட்டுக் கொடுத்தார். மருமகள் பக்கம் திரும்பி, "ஒரு வார்த்த ஒழுங்காச் சொல்லத் துப்பில்ல. எம்புள்ள காலையே பிடுங்கிட்டியேட்டி" என்றார். இன்றுவரை அதை நிறுத்தவில்லை. இவள் உலை வைத்தாலும் அதுதான், துணி துவைத்தாலும் அதுதான்.

ராம்கி தினமும் காலையில் வந்து மச்சானைத் தூக்கி, குளிக்க வைத்து, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். மத்தியானச் சாப்பாடு இங்கேதான். இரண்டு பேரும் பழையபடி சிரித்துப் பேசுகிறார்கள். அடுத்த பந்தயத்துக்கு ராம்கி போகிறான், வாக்கிடாக்கி விக்னேஷ்வரன் கையில். நாற்காலியோடு வேனில் ஏற்றிக்கொண்டு போக முதலாளி ஏற்பாடு செய்துவிட்டார். இவளைக் கூப்பிடவில்லை.

அவள் தொண்டை போய்விட்டது. தறியில் நூல் அறுந்தால் எழுந்து நடந்துபோய்த் தோளைத் தொட்டுச் சொல்கிறாள். என்னிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூட, "மதினி, அந்தக் குடத்துல இருக்க தண்ணியில ஒரு டம்ளர் எனக்கு எடுத்துத் தாரியளா" என்று முழுசாகக் கேட்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு, ஏட்டி, பழையபடி "தண்ணி!" என்று கத்தித் தொலையேன் என்று இருக்கும்.

போன வாரம் கரண்ட் போய்த் தறி எல்லாம் நின்றது. மற்றவர்கள் காற்றுக்காக வெளியே போய்விட்டார்கள். அவள் தன் தறிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"மதினி, அவிய ஒண்ணு சொன்னாவ" என்றாள். "காலுக்கு எண்ணெ தடவிக்கிட்டிருந்தேன். 'இந்தக் காலுல எண்ணெ சூடாயிருக்கா, உங்களுக்குத் தெரியுதா, தெரியலையா'ன்னு கேட்டேன். திடீர்னு அழுதுட்டாவ. 'ஏட்டி யோகேசு, நீ இப்படித் திருத்தித் திருத்திப் பேசாத. அன்னைக்கு நீ சொன்னது எனக்கு நல்லாத்தான் வெளங்குச்சு. வழி விடச் சொன்னே. உன் தம்பி எனக்கு முன்னால போறது எனக்குப் பொறுக்கல. நான்தான் விடல'ன்னாவ."

நான் கத்திவிட்டேன். "அடப்பாவி மனுஷா! போன்ல அப்படிச் சொன்னாரே! நீ அங்க அழுத அழுகைய நான்லா பாத்தேன்! எந்திரிட்டி, இப்பவே வா, உன் அத்தகிட்டச் சொல்லுவோம், ஊரக் கூட்டிச் சொல்லுவோம்."

"சொன்னா ராம்கி வருவானா?" என்றாள். "மச்சான் தெரிஞ்சேதான் அடைச்சாருன்னு தெரிஞ்சா அவன் மறுபடி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுப்பானா? பொறவு இவியள யாரு தூக்குவா? அவனும் எங்க போயி நிப்பானோ, செண்பகத்தோப்புலயோ எங்கயோ. ரெண்டு பேரும் சேந்து இருக்கணும்னுதான மதினி நான் கோயம்புத்தூரு வந்தேன்."

"உனக்கு என்னட்டி இருக்கு இதுல?"

மடியில் கிடந்த பேண்டேஜ் துணியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"நேத்து மத்தியானம் ரெண்டு பேருக்கும் சோறு வச்சேன். ராம்கி சொல்லுதான், 'யக்கா, இனியாவது வாயத் தெறக்குமுன்ன யோசிச்சுப் பேசுக்கா. மச்சானுக்குக் காலே போச்சுல்லா'ன்னு. அவிய பக்கத்துலதான் இருந்தாவ. தட்டப் பாத்துச் சாப்புட்டுக்கிட்டே இருந்தாவ."

"நீ என்ன சொன்னே?"

"'சரிலே தம்பி'ன்னேன், மதினி."